கயிறும் தார்ப்பாயும்: எதை வாங்கலாம், எதை விடலாம்

திறந்த தளமுள்ள லாரியில் சரக்கை ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, கையால் இழுத்துக் கட்டிய காலத்தில் டிரைவருக்குத் தேர்வு அதிகம் இல்லை. கயிறு என்றால் மணிலா அல்லது சைசல், இரண்டும் செடி நாரில் திரித்தவை. பாய் என்றால் மெழுகேற்றிய பருத்தி கேன்வாஸ். 1969-ல் பிரிட்டனில் போவலாய் நிறுவனம் பக்கத்திரை கொண்ட 'டாட்லைனர்' பாடியைக் கொண்டுவந்த பிறகு இந்த வேலை படிப்படியாகக் குறைந்தது. ஆனால் தட்டையான தளம் ஓடும் இடத்தில் எல்லாம் கயிறும் பாயும் இன்னும் விற்கின்றன. இப்போது வகைகள் பெருகிவிட்டன, மோசமானவையும் சேர்ந்தே பெருகிவிட்டன. அந்தப் பழைய கட்டுமுறைக்கு எது தாங்கும், எது தாங்காது என்று பார்த்து எழுதியது இது.

முதலில் கயிறு. லாரிக் கயிற்றை அறுபடும் பலத்தை மட்டும் பார்த்து வாங்குவதுதான் பெரும்பாலோர் செய்வது. 12 மில்லிமீட்டர் முப்புரிக் கயிற்றில் மணிலா சுமார் 1 டன்னில் அறும். பாலிப்ரொப்பிலீன் 2 டன், பாலியெஸ்டர் இரண்டேகால் டன், நைலான் 3 டன் வரை போகும். இந்தக் கணக்கில் நைலான்தான் முதலிடம். கட்டிப் பார்த்தால் கடைசியிடம். நைலான் ரப்பர் போல நீளும் கயிறு. காலையில் இறுக்கிக் கட்டியது, சரக்கு கொஞ்சம் அமர்ந்து வண்டி நாலு குலுக்கல் வாங்கியதும் தளர்ந்து நிற்கும். நனைந்தால் பலத்தில் 10 முதல் 15 சதவீதம் வேறு போய்விடும். வண்டியை இழுக்க நைலான் அருமையானது; சரக்கைக் கட்ட வாங்காதீர்கள்.

மணிலாவின் பெருமை அதன் பிடிப்பில். முடிச்சு வழுக்காது, கையை அறுக்காது, உராய்ந்தால் உருகாது. குறை தண்ணீரில் இருக்கிறது. நனைந்தால் கயிறு பருத்து நீளத்தில் சுருங்கும். முடிச்சு கல்லாக இறுகும். காய்ந்ததும் அதே கட்டு தொளதொளவென்று ஆகும். மழை விட்டு வெயில் வந்த உடனே பழைய டிரைவர்கள் ஓரம் கட்டி எல்லாக் கயிற்றையும் திரும்ப இழுத்துக் கட்டியதற்கு இதுதான் காரணம். இன்னொன்று, மணிலா உள்ளிருந்து மக்கும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். புரிகளை எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிரித்து உள்ளே பாருங்கள்: இழை பழுப்பேறி, தூளாக உதிர்ந்து, பூஞ்சை வாடை அடித்தால் அந்தக் கயிறு சரக்குக் கட்டுக்கு ஆகாது. சைசல் மணிலாவைவிடச் சொரசொரப்பு, பலமும் குறைவு. இன்று அதை வாங்கக் காரணமே இல்லை.

பாலிப்ரொப்பிலீனில் இரண்டு ரகம் உண்டு. பளபளப்பான, வழுவழுப்பான ரகம் மலிவு. முடிச்சு நிற்காது, கொக்கியில் வேகமாக உராய்ந்தால் இழைகள் இளகி ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் இது 165 டிகிரியிலேயே உருகிவிடும். மற்றது பஞ்சிழையில் திரித்த, மேலே மயிர் எழும்பிய ரகம். தொட்டால் மணிலா போலவே இருக்கும், தண்ணீர் குடிக்காது, முடிச்சை நன்றாகப் பிடிக்கும். குறைந்த செலவில் நல்ல கயிறு வேண்டும் என்றால் இதுதான். வெயில் மட்டும் இதன் எதிரி: மேலிழை வெளுத்து, விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் வந்தால் மாற்றிவிட வேண்டும்.

பாலியெஸ்டர் முப்புரி என் முதல் தேர்வு. நீட்சி குறைவு, வெயிலைத் தாங்கும், நனைந்தாலும் பலம் குறையாது, உருகுநிலை 250 டிகிரிக்கு மேல். புதிதில் கொஞ்சம் வழுக்கும். சில கட்டுகளுக்குப் பிறகு மேற்பரப்பு தேய்ந்து பிடிப்பு வந்துவிடும். தடிமன் 12 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். 8 மில்லிமீட்டர் கயிறு எவ்வளவு பலமாக இருந்தாலும் கை முழு இழுப்பையும் கொடுக்க முடியாது, உள்ளங்கையை அறுக்கும். நீளத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். இரண்டரை மீட்டர் அகலத் தளம், 2 மீட்டர் உயரச் சரக்கு என்றால் குறுக்கே போய் வர ஆறரை மீட்டர். முடிச்சுக்கும் இழுக்கவும் மூன்று மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக ஒரு குறுக்குக் கட்டுக்குக் குறைந்தது 10 மீட்டர்.

இந்தக் கயிறுகளை எல்லாம் எடைபோட வேண்டிய இடம் டாலி முடிச்சு. எதிர்ப்பக்கக் கொக்கியில் ஒரு நுனியைக் கட்டிவிட்டுச் சரக்கின் மேலாகக் கயிற்றை இந்தப் பக்கம் எறிவார்கள். மேலிருந்து இறங்கும் கயிற்றில் மார்பு உயரத்தில், கீழே கிடக்கும் தளர்வை ஒரு மடிப்பாக மேலே தூக்கி, அந்த மடிப்பின் தலையில் மேல்கயிற்றாலேயே ஒரு சுற்று மாட்ட வேண்டும். மேலே ஒரு காது நீட்டிக்கொண்டிருக்கும், கீழே ஒரு வளையம் தொங்கும். அந்த வளையத்தை ஒரு முறுக்கு முறுக்கி, அதன் வழியாகத் தளர்கயிற்றை மடிப்பாக இழுத்துக் கொக்கியில் மாட்டி, மிச்சத்தைக் கீழ்நோக்கி இழுத்தால் சரக்கு அமரும். மேற்சுற்றை ஒன்றுக்குப் பதில் இரண்டாக மாட்டினால் இரட்டை டாலி. வழுக்கும் கயிற்றில் அதுதான் பாதுகாப்பு. இழுத்த பிடியை விடாமல் கொக்கியிலேயே ஒரு அரைக்கட்டுப் போட்டு முடிக்க வேண்டும். இதில் கயிற்றின் நுனி எங்கும் நுழைவதில்லை. அதனால் எவ்வளவு நீளக் கயிறாக இருந்தாலும் கட்டலாம். கொக்கியிலிருந்து எடுத்து உதறினால் முழு முடிச்சும் அவிழ்ந்துவிடும். அப்படி உதறி அவிழாத கயிறு எந்தப் பொருளில் செய்திருந்தாலும் லாரிக்கு நல்ல கயிறு இல்லை.

கயிறு எதற்குப் போதாது என்பதும் முக்கியம். கணக்கில் டாலி மூன்று மடங்கு இழுப்புத் தரும். கயிற்றோடு கயிறு உராய்வதில் அதில் பாதி போய்விடும். ஒருவர் 30 கிலோ விசையில் இழுத்தால் கயிற்றில் 50 கிலோவுக்குக் கிட்டத்தான் நிற்கும். ஒரு கட்டு இரண்டு பக்கமும் சேர்த்து 100 கிலோ அழுத்தம் தரும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஐரோப்பியத் தரம் இஎன் 12195-1, பிரேக் போடும்போது முன்னோக்கி எடையில் 80 சதவீத விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. தளத்தில் உராய்வு 0.4 என்றால், தடுப்பில்லாமல் நிற்கும் 1 டன் சரக்குக்கு இன்னும் 1 டன் மேலழுத்தம் வேண்டும். அதாவது பத்துக் கயிறு, அதுவும் காப்புக் கணக்கு எதுவும் சேர்க்காமல். அதனால்தான் பழைய டிரைவர்கள் சரக்கை முன்பலகையோடு இடைவெளியில்லாமல் அண்டக் கொடுத்து ஏற்றினார்கள். முன்னோக்கிய விசையைப் பலகை தாங்கும், கயிறு சரக்கை எழும்பாமல் அமர்த்தும். இடைவெளி விட்டு ஏற்றிவிட்டுக் கயிற்றை நம்பினால் முதல் கடும்பிரேக்கிலேயே தெரிந்துவிடும்.

இரும்பு, இயந்திரம், கல் போன்றவற்றுக்கு, பல்சக்கரக் கைப்பிடியால் இறுக்கும் 50 மில்லிமீட்டர் ராட்செட் பெல்ட்டுக்கு மாற்றே இல்லை. வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்: நீலம் பாலியெஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிப்ரொப்பிலீன். அதில் எஸ்டிஎஃப் என்று போட்டிருக்கும் எண்தான் கைப்பிடியை இழுத்தால் பெல்ட்டில் நிற்கும் இறுக்கம். பெரிய எழுத்தில் அச்சிட்ட டன் கணக்கு அறுபடும் பலம். மேலழுத்தக் கட்டுக்கு அது உதவாது. எஸ்டிஎஃப் 350 (கிட்டத்தட்ட 350 கிலோ விசை) போட்ட பெல்ட் ஒன்று, டாலி போட்ட ஆறேழு கயிற்றுக்குச் சமம். ஆனால் பெல்ட்டைப் பழைய கயிற்றுக் கொக்கியில் மாட்டாதீர்கள். கையிழுப்புக்கு வைத்த கொக்கி ராட்செட்டின் இழுப்பில் வளையும், சிலவற்றில் வெல்டிங்கே விடும். எவ்வளவு விசை தாங்கும் என்று குறித்த நங்கூரப் புள்ளி தளத்தில் இருந்தால்தான் பெல்ட்.

தார்ப்பாயில் ஜிஎஸ்எம் எண்ணைப் பெரிதாகப் போட்டு விற்கிறார்கள். அந்த எண் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற துணியின் எடை மட்டுமே. பாய் கிழிவது நடுவில் இல்லை, ஓரத்திலும் கயிறு கோக்கும் கண்ணிலும்தான். ஆகவே ஓரத்தை முதலில் பாருங்கள். ஓரம் மடிக்கப்பட்டு உள்ளே கயிறு வைத்துத் தைத்திருக்கிறதா? கண்கள் அரை மீட்டர் இடைவெளிக்குள் இருக்கின்றனவா? அவை பல்லுள்ள பித்தளை வளையங்களா, வெறும் அலுமினியத் தகடா? நாலு மூலையிலும் கூடுதல் ஒட்டு உண்டா? அலுமினியக் கண்ணை இரண்டு கட்டைவிரலால் நெம்பிப் பார்த்தாலே ஆடினால் அந்தப் பாயை விட்டுவிடுங்கள்.

கேன்வாஸ் மூச்சு விடும் துணி. தானியம், மரம், காகிதம் போன்ற ஈரம் விடும் சரக்குக்கு அதன் கீழே வேர்வை கட்டாது. கிழிந்தால் மெழுகு நூலில் தைத்துவிடலாம். ஆனால் 18 அவுன்ஸ் துணி, சதுர மீட்டருக்கு 610 கிராம்; 7க்கு 6 மீட்டர் பாய் காய்ந்த நிலையிலேயே 25 கிலோவைத் தாண்டும், நனைந்தால் ஒருவர் தனியாகத் தூக்கி மேலே போட முடியாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் மக்கும். அதே எடையில் பிவிசி பூசிய பாலியெஸ்டர் பாய் தண்ணீர் குடிக்காது, மக்காது, வெப்பக் காற்றால் ஒட்டுப் போடலாம். குளிரில் விறைக்கும், ஈரத்தில் மேலே நடந்தால் சறுக்கும், உள்ளே வேர்க்கும். பொதுச் சரக்குக்கு நான் பிவிசியையே சொல்வேன், தானியத்துக்குக் கேன்வாஸ்.

200, 250 கிராம் பாலிஎத்திலீன் பாய் நின்ற இடத்தில் மூடி வைக்க மட்டும். ஓடும் வண்டியில் அது படபடத்துக் கண்ணைச் சுற்றிக் கிழியும்.

பாய் எதுவானாலும் போர்த்தும் வரிசை ஒன்றே. இரண்டு பாய் என்றால் பின்பாயை முதலில் விரித்து, முன்பாயின் விளிம்பு அதன் மேல் ஒரு மீட்டருக்குக் குறையாமல் விழ வேண்டும். மாற்றிப் போட்டால் காற்று சந்தில் நுழைந்து பாயைப் பலூனாக்கிவிடும். மூலை மடிப்புகளின் வாயும் பின்னோக்கியே இருக்க வேண்டும். கூரிய விளிம்புள்ள பெட்டி என்றால் பாய்க்கு அடியில் மரச்சட்டமோ தடித்த அட்டையோ கொடுங்கள், இல்லாவிட்டால் கயிறு இறுகும்போது அந்த விளிம்பே பாயை அறுக்கும். சரக்கைக் கட்டும் கயிறு பாய்க்குக் கீழே, பாயைக் கட்டும் கயிறு மேலே. இரண்டையும் ஒன்றாக்கிக் கயிறு மிச்சம் பிடித்தால் பாய் தளரும்போது சரக்கும் தளரும். பாயின் கண்ணில் நேராக டாலி போடாதீர்கள், கண் பிய்ந்துவிடும். கண்ணுக்குச் சிறு கயிறு கட்டிக் கொக்கிக்கு இறக்கி, அகலப் பரப்பை மேலே போகும் குறுக்குக் கயிறு அமுக்கட்டும்.