பள்ளிக்குக் கம்ப்யூட்டர் லேப் போடுபவர்கள் கவனத்துக்கு: ஒயரைச் சுரண்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பணம் போட்டு, 10 கம்ப்யூட்டர் வைத்து ஒரு லேப் அமைத்தோம். பக்கத்து டவுனில் ஒரு கடைக்காரர் மொத்த வேலையையும் எடுத்துக்கொண்டார். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. அவர் ஏமாற்றிய விதத்தை மட்டும் சொல்கிறேன்.

கொட்டேஷனில் இரண்டே வரி. "புதிய ஐ5 கம்ப்யூட்டர் 10, நெட்வொர்க் வேலை மொத்தமாக." கீழே ஒரு தொகை. மாடல் எண் இல்லை, கேபிள் என்ன வகை என்று இல்லை.

வந்தவை பளபளவென்று புது கேபினட்டுகள். உள்ளே இருந்தது இன்டெல் கம்பெனியின் ஐ5-2400, 2011-இல் வெளிவந்த பிராசஸர் (கம்ப்யூட்டரின் மூளை). ஐ5 என்ற பெயரை வைத்து எதுவும் தெரியாது. அதற்கு அடுத்து வரும் எண்தான் தலைமுறையைச் சொல்லும். 2400 என்றால் இரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது இன்டெலில் குறைந்தது எட்டாம் தலைமுறை. இவர் குறுக்கு வழியில் அதை ஏற்றி, லைசென்ஸையும் காசு கொடுக்காமல் திருட்டுத்தனமாகக் கிராக் செய்திருந்தார். பழைய கம்ப்யூட்டர் வாங்குவது தப்பே இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு அது தாராளம். பழையது என்று சொல்லி, அதற்குரிய விலைக்குத் தந்திருக்க வேண்டும்.

நெட்வொர்க்கில் நடந்தது இதைவிட மோசம். ஓர் அறையில் நெட் வரும், அடுத்த அறையில் வராது. கேட்டால், "ஏர்டெல், பிஎஸ்என்எல் லைன் பிரச்சினை சார்" என்றார். ஆனால் ஒரே அறையில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்பினாலும் பாதியில் நின்றது. அதற்கும் வெளி லைனுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு ஒயரை வெட்டி பிளேடால் சுரண்டினோம். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! கடையில் சிசிஏ என்பார்கள். மின்தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கேட்5இ, கேட்6 என்ற நெட்வொர்க் கேபிள் தரங்கள் கேட்பது முழுச் செம்பு. அந்தப் பெயர்களை உறையில் அச்சடித்துச் சிசிஏ விற்கிறார்கள். 305 மீட்டர் கேபிள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே எடை குறைவு தெரியும்.

அப்புறம், கேபிளுக்குள் எட்டு ஒயர்கள் இரண்டிரண்டாக முறுக்கி ஜோடியாக இருக்கும். முனையில் உள்ள கனெக்டரில் அவற்றை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜோடி மாற்றிச் செருகியிருந்தார். அவர் கையில் இருந்த சின்ன டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தன. அந்த டெஸ்டர் ஒயர் அறுந்திருக்கிறதா, இரு முனையிலும் வரிசை ஒன்றாக இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். ஜோடி மாறியதைக் காட்டாது. அதனால் மீதித் தொகையைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு இடத்திலும் 1 ஜிபி ஃபைலை அனுப்பிப் பாருங்கள். ஜிகாபிட் (அதாவது 1000 எம்பிபிஎஸ் வேக) இணைப்பில் டிஸ்க்கும் வேகமாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு விநாடியில் முடியும். ஒன்றரை நிமிடம் ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸில்தான் ஓடுகிறது என்று அர்த்தம்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கேபிளை வெட்டவெளியில் தொங்கவிட்டதையும் சொல்ல வேண்டும். வெயிலில் உறை வெடிக்கும். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு பக்கமும் கருவிகள் போகும். அந்த இடத்துக்கு மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைக் கேபிளான ஃபைபர்தான் சரி.

செலவைக் குறைக்க உண்மையான வழி உண்டு. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க ஒரு 16 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச், முழுச் செம்பு கேபிள், ஒரு ரவுட்டர் போதும். கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் போட்டால் லைசென்ஸ் செலவே இல்லை. சின்னப் பிள்ளைகள் விளையாடிக் கற்கும் ஜிகாம்ப்ரி, படம் வரையும் டக்ஸ் பெயின்ட் இரண்டும் இலவசம். ஒரு பழைய கம்ப்யூட்டரில் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, விக்கிப்பீடியாவை இறக்கி வைத்தால் நெட் இல்லாத நாளிலும் பிள்ளைகள் அதைப் படிக்கலாம். இவ்வளவு எளிய வேலையில் போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சேர்த்த பணத்தில் கை வைத்திருக்கிறார் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கொட்டேஷனில் ஒவ்வொரு பொருளுக்கும் மாடல் எண், உத்தரவாதக் காலம் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வெட்டிய கேபிள் துண்டையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்; எங்கள் புகாருடன் அவற்றைத்தான் இணைத்திருக்கிறோம்.