கான்கிரீட் நெடுஞ்சாலை: ஜாயின்ட் போட்டதா, தொடர் கம்பி போட்டதா, எது நீடிக்கிறது?

கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் விரிசல் விடும். அதைத் தடுக்க முடியாது. எங்கே, எந்த அகலத்தில் விட வைப்பது என்பதில்தான் வடிவமைப்புகள் பிரிகின்றன. கம்பி வலை இல்லாத சாதாரண சாலையில் ஏறக்குறைய 4.5 மீட்டருக்கு ஒரு ஜாயின்ட் வெட்டுவார்கள், விரிசல் அந்த வெட்டுக்கு அடியிலேயே விழும். இரண்டாவது வகையில் மெல்லிய கம்பி வலை போட்டு, ஜாயின்ட்டுகளை 9 மீட்டருக்கு மேல் தள்ளி வைப்பார்கள். மூன்றாவதான தொடர் கம்பிச் சாலையில் குறுக்கு ஜாயின்ட்டே கிடையாது. குறுக்குவெட்டுப் பரப்பில் 0.6 முதல் 0.8 சதவீதம் வரை நீளவாட்டுக் கம்பி போட்டுவிட்டு, ஒன்றிரண்டு மீட்டருக்கு ஒன்றாக மயிரிழை விரிசல்கள் வரட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

நடுவில் இருக்கும் வகையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நீளமான ஸ்லாப் நடுவில் வெடிக்கும். அங்கே இருக்கும் கொஞ்சக் கம்பி துருப்பிடித்து அறுந்ததும் விரிசல் வாயைப் பிளக்கும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் இதைக் கைவிட்டுவிட்டன.

சரி, மீதி இரண்டு. சாதாரண ஜாயின்ட் சாலைக்கு வயதாவது ஜாயின்ட்டில்தான் தெரியும். லாரிச் சக்கரம் ஒரு ஸ்லாப்பிலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது அடியில் தேங்கிய தண்ணீர் நுண்மண்ணோடு பீறிடுகிறது. அந்த மண் முந்தைய ஸ்லாப்பின் அடியில் சேர, அடுத்த ஸ்லாப் தாழ்ந்து போகிறது. சில வருடங்களில் ஜாயின்ட்டுக்கு ஜாயின்ட் ஒரு படி விழுந்து, வண்டி தடக் தடக்கென்று ஓடும். இதற்கு மருந்து டவல் கம்பி, அதாவது ஜாயின்ட்டுக்குக் குறுக்கே வைத்து ஒரு ஸ்லாப்பின் பாரத்தை அடுத்ததற்குக் கடத்தும் இரும்புத் தண்டு: 32 முதல் 38 மி.மீ. தடிமன், சுமார் 45 செ.மீ. நீளம், 30 செ.மீ.க்கு ஒன்று. கலிபோர்னியா பல பத்தாண்டுகள் டவல் இல்லாமலே சாலை போட்டது. 1990-களின் இறுதியில்தான் மாறியது. கனரக லாரி ஓடும் சாலையில் டவலை மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

டவல் இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவின் நீண்டகாலச் சாலை ஆய்வுத் திட்டத்தில் ஸ்லாப் தடிமனையும் அடித்தளத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். மெலிந்த கான்கிரீட் (சிமென்ட் குறைவாகக் கலந்தது) அடித்தளத்தின் மேல் போட்ட ஸ்லாப்புகளில்தான் அதிக விரிசல். தண்ணீரை வடியவிடும் தார்க்கலவை அடித்தளத்தின் மேல் இருந்தவை நன்றாக நின்றன. வெயிலிலும் குளிரிலும் ஸ்லாப் வளையும்போது, அடியில் இருப்பது இறுகிப்போய் இருந்தால் கொஞ்சமும் இணங்கிக் கொடுக்காது.

தொடர் கம்பிச் சாலையும் கெட்டுப்போனால் அடியிலிருந்துதான் கெடுகிறது. நெருக்கமான இரண்டு விரிசல்களுக்கு இடையே, சாலையோரத்தில் அடித்தளம் அரித்துப் போகும். தாங்க ஆளில்லாத அந்தத் துண்டு ஒருநாள் உடைந்து உள்ளே இறங்கிவிடும். இதைப் புரிந்துகொள்ள பெல்ஜியத்தின் அனுபவம் மிகவும் உதவும். 1970-களில் அங்கே தாராளமாகக் கம்பி போட்டு, ஸ்லாப்புக்கும் மெலிந்த கான்கிரீட் அடித்தளத்துக்கும் நடுவே 6 செ.மீ. தார் அடுக்கும் வைத்தார்கள். அந்தச் சாலைகள் நன்றாக உழைத்தன. பிறகு செலவைக் குறைக்கக் கம்பியை 0.85 சதவீதத்திலிருந்து 0.67-க்கு இறக்கி, தார் அடுக்கையும் எடுத்தார்கள். துண்டு உடைந்து இறங்கும் நோய் பரவலாகத் தலைகாட்டியது. 1990-களில் தார் அடுக்கு திரும்பி வந்தது, கம்பியும் கூடியது.

பழுதுபார்ப்பதில் ஜாயின்ட் சாலைக்கே என் ஓட்டு. கெட்ட ஸ்லாப்பை வெட்டியெடுத்து, துளையிட்டு டவல் சொருகி, புது கான்கிரீட் ஊற்றினால் முடிந்தது. படி விழுந்திருந்தால் வைரச் சக்கரத்தால் மேற்பரப்பைச் சீவிவிடலாம். அதற்கு முன் டவலும் புகுத்தலாம். தொடர் கம்பிச் சாலையில் அறுத்த கம்பியை மறுபடி ஒட்டுக்கம்பியோடு இணைத்துத் தொடர்ச்சியை மீட்க வேண்டும். வேலை நிதானம் கேட்கும், அதுவரை ஒரு தடம் மூடிக் கிடக்கும்.

ஆனாலும் இரவு பகலாக லாரி ஓடும், ஒரு தடத்தை மூடினாலே ஊர் நின்றுபோகும் பாதைக்குத் தொடர் கம்பிதான் சரி. டெக்சாஸ் அதை நம்பியிருப்பது சும்மா இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் டவல் போட்ட குட்டை ஸ்லாப் போதும். தொடர் கம்பி போடுகிறோம் என்று சொல்லிவிட்டுக் கம்பியைக் குறைத்து, தார் அடுக்கையும் விட்டுவிடப் போகிறார்கள் என்றால், அந்தப் பணத்துக்கு ஒழுங்கான ஜாயின்ட் சாலையே போட்டுவிடலாம்.