இரண்டு முறை வீடு மாறிய ரப்பர் மர அலமாரி

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடித் தள்ளுபடியில், ஒன்பது பெட்டிகளும் ஓர் எழுதுமேசையும் கொண்ட ரப்பர் மரத் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். ஆறு பெட்டிகள் 45 செ.மீ. அகலம், மூன்று பெட்டிகள் 90 செ.மீ. அகலம், எல்லாவற்றுக்கும் ஆழம் 30 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புத்தக அலமாரி, பக்கவாட்டில் வரிசையாக வைத்தால் தொலைக்காட்சிக்கான தாழ்ந்த மேடை, தனித்தனியாகப் பிரித்தால் படுக்கையறைக்கு இரண்டும் கூடத்துக்கு ஏழும் என்று எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு வேளச்சேரியிலிருந்து பெரம்பூருக்கும், அங்கிருந்து முகப்பேருக்குமாக இரண்டு முறை வீடு மாறிவிட்டேன். வாங்கிய மாதமே இந்த மதிப்புரையை எழுதியிருந்தால் குறையே சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் இப்படிப்பட்ட பொருளின் குணம், அதை இரண்டாம் முறை பூட்டும்போதும், கூடுதல் பெட்டி கேட்டு இரண்டாம் முறை கடைக்குப் போகும்போதும்தான் தெரிகிறது. கடையின் பெயரை எழுதவில்லை. இதே வடிவத்தில் இன்று பலர் செய்கிறார்கள். கீழே சொல்பவற்றை எந்தக் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

விற்பனையாளர் முதலில் பேசியது மரத்தைப் பற்றி. அதில் உண்மை இருக்கிறது. ரப்பர் மரத்தை யாரும் பலகைக்காக நடுவதில்லை. நட்ட ஆறேழு ஆண்டுகளில் பால் வடிக்கத் தொடங்கி, 25 முதல் 30 ஆண்டுகளில் வரத்துக் குறைந்ததும் தோட்டக்காரர் அதை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைக்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் போய் வந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. முன்பு பெரும்பாலும் விறகாகிப்போன அந்த மரம் இன்று மேசையாகவும் நாற்காலியாகவும் மாறுகிறது என்றால், அதற்காகத் தனியே ஒரு காட்டை அழிக்கவில்லை என்பது நியாயமான வாதம்தான். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட மறுபாதியும் உண்டு. தேக்கைப்போல ரப்பர் மரத்தில் வைரம், அதாவது உறுதியான நடுக்கட்டை, பாய்வதில்லை. மாவுச்சத்து மிகுந்த அந்தக் கட்டையை உளுப்பூச்சியும் நீலப் பூசணமும் எளிதில் பிடித்துக்கொள்ளும். வெட்டிய சில நாள்களுக்குள் அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால்தான் அது வீட்டுக்கு ஆகும். அந்த போரானும் தண்ணீரில் கரைந்து வெளியேறக்கூடியது என்பதால், சாரல் அடிக்கும் பால்கனிக்கோ குளியலறைக்கோ இந்த மரம் உதவாது. என் பெட்டிகளில் இதுவரை மாவு கொட்டவில்லை; மருந்தேற்றும் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்றே கருதுகிறேன்.

விளம்பரத் தாளில் பச்சை இலைப் படம் ஒன்றும் 'நூறு சதவீதம் இயற்கைக்கு உகந்தது' என்ற வரியும் இருந்தன. பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்த மரம் என்று உறுதி சொல்லும் எஃப்.எஸ்.சி. போன்ற சான்று உண்டா, அதன் எண் என்ன என்று கேட்டதற்குப் பதில் இல்லை. 1993-இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் முத்திரையுடன் ஒரு குறியீட்டு எண்ணும் இருக்கும். அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். சிறு தோட்டக்காரர்களுக்கு அந்தச் சான்றைப் பெறுவது செலவு பிடிக்கும் வேலை என்பதால், அது இல்லாததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இலையை மட்டும் அச்சடித்ததைத்தான் சொல்கிறேன்.

இனி இணைப்புகளுக்கு வருகிறேன். பிரித்துப் பூட்டும் மரச்சாமானின் ஆயுளை மரத்தைவிட இணைப்புதான் முடிவு செய்கிறது. எங்கள் ஊர் வீட்டில் தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில் ஒன்று இருக்கிறது. நான்கு கால், நான்கு சட்டம், சட்ட முனையில் காலின் துளைக்குள் நுழையும் கழுந்து, அதை இறுக்க ஓர் ஆப்பு. ஆப்பைத் தட்டி எடுத்தால் கால் மணி நேரத்தில் கட்டில் ஒரு கட்டு விறகுபோல மாட்டு வண்டியில் ஏறிவிடும். மூன்று தலைமுறையாகக் கழற்றியும் மாட்டியும் அதன் துளை தளரவில்லை, ஏனென்றால் அங்கே பிடிமானம் மரத்தின் முழுத் தடிமனில் இருக்கிறது. என் பெட்டிகளில் அந்த வேலையை மினிஃபிக்ஸ் என்று கடைகளில் கிடைக்கும் இணைப்பான் செய்கிறது: ஒரு பலகையில் திருகி நிறுத்திய தண்டின் தலையை, இன்னொரு பலகையில் 15 மி.மீ. குழிக்குள் அமர்ந்திருக்கும் உருளை, அரைத் திருப்பில் கவ்விக்கொள்கிறது. பார்ட்டிக்கிள் போர்டில் இதே இணைப்பான் ஒரு முறை கழற்றினாலே தளர்ந்துபோவதை முந்தைய அலமாரியில் பார்த்திருக்கிறேன். தூளை அமுக்கிச் செய்த பலகையில் திருகின் புரி பிடிப்பதற்கு நார் கிடையாது. ரப்பர் மரத்தில் நிலைமை எவ்வளவோ மேல். முதல் இடமாற்றத்தில் ஒரு சிக்கலும் இல்லை. இரண்டாவதில் ஐந்து தண்டுகள் பிடிக்காமல் சுற்றின. துளைக்குள் தீக்குச்சிகளை ஃபெவிக்காலில் தோய்த்துச் செருகி, ஒரு நாள் காயவிட்டுத் திருகினேன்.

மேசைக் காலிலோ இந்தத் தொல்லை இல்லை. அங்கே மரத்துக்குள் உலோக இன்சர்ட் நட் பதித்து, போல்ட் அந்த உலோகப் புரியில்தான் ஏறுமாறு செய்திருக்கிறார்கள். எத்தனை முறை கழற்றினாலும் மரம் தேயாது. அதே நட்டைப் பெட்டிகளிலும் வைத்திருந்தால் ஒன்றுக்குச் சில ரூபாய்தான் கூடியிருக்கும். வடிவமைத்தவருக்குத் தெரியாததல்ல இது, தெரிந்தே விட்டதுதான் உறுத்துகிறது.

90 செ.மீ. பெட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். 18 மி.மீ. தடிமனுள்ள தட்டு, நடுவில் தாங்கல் இல்லை, அதன்மேல் கெட்டி அட்டைப் புத்தகங்கள்: ஒன்றரை ஆண்டில் நடுப்பகுதி ஏறத்தாழ 6 மி.மீ. தொய்ந்துவிட்டது. இதற்கு மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சீராக அடுக்கிய பாரத்தில் தட்டின் நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு பதினாறு மடங்காகும். அதே 18 மி.மீ. பலகை 45 செ.மீ. பெட்டியில் நேர்கோடாக நிற்பதன் காரணம் இதுதான். தடிமனை 25 மி.மீ. ஆக்கியிருந்தாலோ, தட்டின் முன்விளிம்பில் 4 செ.மீ. உயரச் சட்டம் ஒன்றை ஒட்டியிருந்தாலோ போதும். மெல்லிய கோடுகள் படத்தில் அழகாகத் தெரிய வேண்டும் என்று அதைச் செய்யவில்லை போலும். இப்போது அந்தப் பெட்டிகளைக் குப்புறத் திருப்பி வைத்திருக்கிறேன். மேல்தட்டு கீழ்த்தட்டாகித் தொய்வு மெல்ல நிமிர்கிறது.

மேற்பூச்சு எண்ணெயும் மெழுகும் கலந்தது. மெலமைன் பாலிஷின் பளபளப்பு இதில் கிடைக்காது. காப்பி டம்ளர் வைத்தால் வட்டம் விழும். ஆனால் அந்த வட்டத்தை 240 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் எண்ணெய் பூசினால் தடம் தெரியாமல் மறைகிறது. மெலமைன் பூசியிருந்தால் முழுப் பலகையையும் சுரண்ட வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேசை இழுப்பறை இறுகும். தை பிறந்தால் தானே சரியாகிவிடும். மரம் அப்படித்தான்.

சென்ற ஆண்டு இன்னும் இரண்டு பெட்டி வாங்கப் போனபோதுதான் உண்மையான ஏமாற்றம். வேண்டும்போது கூட்டிக்கொள்ளலாம் என்பதே இந்தத் தொகுப்பின் முதல் வாக்குறுதி. இடைப்பட்ட காலத்தில் கடைக்காரர் பலகைத் தடிமனையும் துளை இடைவெளியையும் மாற்றியிருந்தார். புதிய பெட்டி பழையதன்மேல் உட்கார்ந்தது, ஆனால் இரண்டையும் பிணைக்கும் துளைகள் 7 மி.மீ. விலகி நின்றன. ஐரோப்பிய அலமாரித் தொழிலில் 32 மி.மீ. இடைவெளியில் துளையிடுவது நெடுங்காலமாகப் பொது முறையாக இருக்கிறது; அதனால் ஒருவர் செய்த கீலும் இழுப்பறைத் தடமும் இன்னொருவர் செய்த பெட்டியில் பொருந்துகின்றன. இங்கே ஒரே கடையின் இரண்டு ஆண்டுப் பொருள்களே ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 'புதுத் துளை போட்டுத் தருகிறோம் சார்' என்றார்கள். பழைய பெட்டியை அங்கே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் வண்டிக்கூலி யாருடையது என்று கேட்டேன், என்னுடையதாம். கடைசியில் முகப்பேரில் ஓர் ஆசாரியிடம் பழைய பெட்டி ஒன்றைக் காட்டி, அதே அளவில், அதே துளையில் இரண்டு செய்து வாங்கினேன். அவர் கேட்காமலேயே இன்சர்ட் நட் பதித்துக் கொடுத்தார்.

முழுத் தொகுப்புக்கும் வண்டிக்கூலி சேர்த்து நான் கொடுத்தது 58,400 ரூபாய். பார்ட்டிக்கிள் போர்டில் இதே அளவுக்கு ஏறத்தாழப் பாதி விலைதான். ஆனால் அது இரண்டாவது வீட்டையே பார்த்திருக்காது. அடிக்கடி வீடு மாறுபவர் மேசையையும் 45 செ.மீ. பெட்டிகளையும் தயங்காமல் வாங்கலாம். எத்தனை பெட்டி தேவைப்படும் என்று கணக்கிட்டு ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். துளை இடைவெளியையும் பலகைத் தடிமனையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.