முன் பிரேக் வீட்டில், பின் பிரேக் பாயிடம்

போன மாசியில் ஏலகிரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 வளைவுகளில் பாரியைத் தாண்டியிருந்தோமா, காரியைத் தாண்டியிருந்தோமா என்று நினைவில்லை. இடது முன் சக்கரத்தில் இரும்போடு இரும்பு தேயும் சத்தம் கேட்டது. "என்னாடா இது, அம்மி கொத்துற மாதிரி" என்றார் பின் சீட்டிலிருந்த அம்மா. பொன்னேரி வரை இரண்டாவது கியரிலேயே இறக்கி, அங்கிருந்து வேலூருக்கு ஓரமாகவே ஊர்ந்து வந்தோம். அப்படி ஓட்டி வந்ததே தப்பு. ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

என்னுடையது 2013 வேகன் ஆர். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. இத்தனை வருடத்தில் இதன் பிரேக்கைக் கம்பெனி சர்வீஸ், சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மெக்கானிக் பாய், நான் என்று மூன்று கைகள் தொட்டிருக்கின்றன. யாரிடம் விடலாம் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவிடுகிறேன். சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடலாம்: முன் பிரேக்குக்கு வீடுதான்.

செலவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கம்பெனியில் கூலி கூடுதல், பில் கிடைக்கும், அரை நாள் போகும். பாயிடம் கூலி பாதிதான், ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். வீட்டில் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட்களின் விலை மட்டும், கூடவே ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பழைய சட்டையும். பேட்டைப் பொறுத்தவரை மூன்று இடத்திலும் ஒரே பேட்தான். நம்பிக்கையான கடையில் ஒரிஜினல் வாங்கினால் போதும்.

வித்தியாசம் பேட்டில் இல்லை. பேட்களைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் கேலிபரில், அது வழுக்கி நகர்வதற்காக இருக்கும் இரண்டு பின்களில் (இரும்புக் கம்பிகளில்) இருக்கிறது.

ஏலகிரி போய் வந்த மறுநாள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்பக்கப் பேட் தேய்ந்து வெறும் தகடாகியிருந்தது. வெளிப்பக்கப் பேட்டில் இன்னும் 6 மில்லிமீட்டர் மிச்சம். இரண்டும் ஒரே நாளில், 14 மாதத்துக்கு முன்பு மாற்றியவை. இந்த மாதிரி வண்டிகளில் கேலிபருக்குப் பிஸ்டன் ஒன்றுதான், அது உள்பக்கம் இருக்கும். பெடலை அழுத்தினால் பிஸ்டன் உள்பேட்டை நேராகத் தள்ளும். அந்த எதிர்விசையில் கேலிபர் மொத்தமும் பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேட்டை டிஸ்க்கோடு சேர்த்து இழுக்கும். அந்தப் பின்கள் இறுகிப்போனால் கேலிபர் நகராது. வேலை முழுக்க உள்பேட்டின் தலையில் விழும், பெடலை விட்ட பிறகும் அது லேசாக உரசிக்கொண்டே இருக்கும். வண்டி ஒரு பக்கமாக இழுப்பது, ஒரு சக்கரம் மட்டும் சூடாவது, மைலேஜ் குறைவது எல்லாமே இதனால் வரலாம்.

என் வண்டியின் மேல் பின்னைக் கையால் அசைக்கவே முடியவில்லை. பிளையரால் பிடித்துத் திருகித் திருகி இழுத்தபோது காப்பித்தூள் நிறத்தில் துருவோடு வெளியே வந்தது. கிரீஸ் இருந்த அடையாளமே இல்லை. பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டில் ஒரு சின்னக் கிழிசல், மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். இதற்கு முன் இரண்டு சர்வீஸ் பில்களில் 'பிரேக் சுத்தம் செய்தல்' என்று தனி வரி போட்டுக் காசு வாங்கியிருந்தார்கள். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். பாயிடம் நேராகவே கேட்டேன், "பாய், பேட் மாத்தும்போது பின்னைக் கழட்டி கிரீஸ் வைப்பீங்களா?" அவர் மழுப்பவில்லை. "ஆடுதான்னு பாப்பேன் சார். ஆடுச்சுன்னா விட்டுடுவேன். வாசல்ல நாலு வண்டி நிக்குதே."

அதுதான் விஷயம். அந்த வேலைக்குத் திறமை பெரிதாக வேண்டாம், அவசரப்படாத இருபது நிமிடம் வேண்டும். பின்னைத் துடைத்து, துருவை மெல்லிய உப்புத்தாளால் எடுத்து, சிலிகான் கிரீஸ் தடவி, பூட் கிழிந்திருந்தால் மாற்றிப் போட வேண்டும். வீல் பேரிங் கிரீஸ் கூடாது. அந்த எண்ணெய்க்கு ரப்பர் ஊதிவிடும், சில மாதத்தில் பின் மறுபடி பிடித்துக்கொள்ளும். இப்போது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இதைச் செய்கிறேன். போன முறை அளந்தபோது உள்பேட்டும் வெளிப்பேட்டும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருந்தன.

வீட்டில் செய்வதென்றால் சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்கே உட்கார்ந்துவிட வேண்டும். வேலூர் வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் சிமெண்ட் தரையில் கை வைக்க முடியாது, ஸ்பேனரும் சுடும். வண்டியோடு வரும் ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள். அது ஸ்டெப்னி மாற்றத்தான். ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கேலிபரைக் கழற்றினால் பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். ஆயில் மேலேறி வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்டை உரித்துவிடும்.

எல்லாம் பூட்டியதும் வண்டியை எடுப்பதற்கு முன் பெடலைப் பல முறை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். முதல் தடவை நான் இதை மறந்தேன். தள்ளி வைத்த பிஸ்டனுக்கும் பேட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்ததால் பெடல் தரைவரை போனது. ஹேண்ட் பிரேக்கை இழுப்பதற்குள் வண்டி கேட்டில் முட்டிவிட்டது. கேட்டின் கீழ்த் தகட்டில் நெளிசல் இன்னும் இருக்கிறது.

பின் டிரம்முக்கு வந்தால் என் வாதம் அப்படியே திரும்பிவிடுகிறது. ஒரே ஒரு தடவைதான் பிரித்திருக்கிறேன், அதனால் இதில் நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்மைக் கழற்றுவது வரை சரி. டிரம்மின் உள்பக்கத்தில் உரசிப் பிடிக்கும் ஷூவைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் ஒன்று தெறித்துத் துளசி மாடத்துக்குப் பின்னால் போய் விழுந்தது, தேடவே அரை மணி நேரம். மாட்டிய பிறகு ஹேண்ட் பிரேக் ஒன்பது கிளிக் ஏறியது. கேபிளை முறுக்கிக் குறைத்துவிடலாம் என்று நினைத்தேன். பாய் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கேபிள்ல கை வெக்காதீங்க சார், மொதல்ல உள்ள ஷூ கேப்பப் பாருங்க." ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை நான் சரியாக உட்கார வைக்கவில்லை. ஷூ டிரம்மை விட்டுத் தள்ளியே நின்றிருக்கிறது. கேபிளை இறுக்கியிருந்தால் கிளிக் குறைந்திருக்கும், பின் பிரேக் பிடிக்காதது அப்படியே இருந்திருக்கும். அவர் இருபது நிமிடத்தில் முடித்து ஐந்து கிளிக்கில் கொண்டுவந்து நிறுத்தினார். பழகின கை. டிரம்மை ஏர் அடித்துச் சுத்தம் செய்வது மட்டும் வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, எந்த ஷூவாக இருந்தாலும் அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்துத் தருகிறார்.

பிரேக் ஆயில் வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவே நிற்கிறது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 3 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் ஓயாமல் மிதித்தால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது அதற்காகத்தான். என் வண்டிக்குப் பையன் பெடலை மிதிக்க, நான் கேலிபரில் ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து மூட, வீட்டிலேயே பழைய ஆயிலை மாற்றி உள்ளே சிக்கிய காற்றையும் எடுத்துவிடுகிறோம். அவன் காலை எடுப்பதற்குள் நிப்பிளை மூடுவதில்தான் எங்களுக்குள் சண்டை வரும்.

ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால் கதை வேறு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புதுக் கார்களில் அது கட்டாயம். சில மாடல்களில் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் சிக்கிய காற்றை எடுக்க ஸ்கேனர் மாட்டி வால்வைத் திறக்க வேண்டும். அதில் எனக்குப் பழக்கம் இல்லை, பாயிடமும் அந்தக் கருவி இல்லை. அந்த ஒரு வேலைக்குக் கம்பெனிதான். காட்பாடியில் இருக்கும் மச்சானின் 2021 வண்டிக்குப் போன வாரம் பின்னுக்குக் கிரீஸ் வைத்துப் பேட்டையும் அளந்து பார்த்துவிட்டேன். ஆயில் மாற்ற மட்டும் சனிக்கிழமைக்குக் கம்பெனியில் நேரம் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.