பற்றரி வாங்கிவிட்டுக் கேபிளுக்கு வக்காலத்து

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சோலர் வைத்திருப்பவர்கள் பகலில் அதை நிறுத்தி வைக்கும்படி அறிவிப்பு வந்தது. வெளியே மண்டை பிளக்கும் வெயில். கடைகளும் தொழிற்சாலைகளும் பூட்டு, கரண்டை எடுக்க ஆளில்லை. கையால் சுவிட்சை அணைத்துவிட்டுத் திண்ணையில் வந்து குந்தியபோது எடுத்த முடிவுதான், 10 அலகு கொள்ளும் பற்றரி. பக்கத்து வீட்டு ஐயா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, உந்தப் பெட்டிக்குக் குடுத்த காசுக்கு ஒரு ஓட்டோ வாங்கி ஓடியிருக்கலாம்" என்றார்.

ஆகவே, இலங்கைக்குப் பற்றரியா, கடலடிக் கேபிள் போட்டு இந்தியாவோடு மின் இணைப்பா என்று யாராவது கேட்டால் நான் பற்றரிக் கட்சியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு மாரி கழிந்ததும் கட்சி மாறிவிட்டேன்.

பற்றரியின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. மதியம் மிஞ்சுவதை இரவுக்குத் தரும், கரண்ட் போனால் கண் சிமிட்டும் நேரத்தில் கை கொடுக்கும். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடே இருண்டதே, அதைப் போன்ற நேரத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டதால் வந்த வினை என்றார் அமைச்சர். விடுமுறை நாள், தேவை குறைவு, சோலர் உச்சம். அந்த அதிர்ச்சியைத் தாங்கும் அளவுக்குச் சுழலும் பெரிய இயந்திரங்களின் கனம் வலையமைப்பில் இல்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் விழுந்து, அடுத்த இரண்டு நாளும் முறை வைத்துக் கரண்டை வெட்டினார்கள். (அதே பெப்ரவரி 9 அன்றுதான் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றும் ரஷ்ய வலையமைப்பைக் கைவிட்டு ஐரோப்பாவோடு இணைந்தன. அவர்களுக்குக் கல்யாணம், எங்களுக்கு இருட்டு.)

என் பெட்டியின் குட்டு கார்த்திகையில்தான் வெளிப்பட்டது. அடைமழை, வானம் மூன்று நாள் வெளிக்கவில்லை. முதல் இரவு விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடின. மறுநாள் மாலை இன்வேர்ட்டர் திரையில் 14 சதவீதம். அதற்கடுத்த நாள் அது சுவரில் தொங்கும் வெறும் அலங்காரம். இன்னும் நாலு பெட்டி மாட்டினாலும் இதே கதைதான், நாலு நாள் தள்ளி நடக்கும். பற்றரி நேரத்தைத்தான் நகர்த்தும், பருவத்தை நகர்த்தாது. அரநாயக்காவில் திட்டமிட்டுள்ள 600 மெகாவாட் நீரேற்றுத் திட்டமும் (மிஞ்சும் கரண்டில் நீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) பெரிய பற்றரிதான், அதற்கும் கணக்கு மணியில்தான்.

நாட்டின் தட்டுப்பாடோ மாதக் கணக்கில் வருவது. தை முதல் சித்திரை வரை மழை குறைவு, காசல்ரீ, மவுசாக்கலை, விக்டோரியா அணைகளில் நீர் இறங்கும், டீசலும் நிலக்கரியும் எரியும். அந்த மாதங்களில் இந்தியாவில் பகல் சோலர் கொழுத்துக் கிடக்கும். மதியத்தில் அதை வாங்கி இங்கே ஓடவிட்டு, அணை நீரை இரவுக்குப் பிடித்து வைக்கலாம். டென்மார்க்கின் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு தன் அணைகளை மூடி வைக்கும் நோர்வே 1970களிலிருந்து இதைத்தான் செய்கிறது. நேபாளம் மழைக்காலத்தில் இந்தியாவுக்கு விற்கிறது, குளிர்காலத்தில் வாங்குகிறது. கேபிள் வந்தால் நாம் ஏற்கெனவே கட்டி முடித்த அணைகளே பற்றரியாகிவிடும். புதிதாக எதையும் வாங்கிச் சுவரில் மாட்ட வேண்டாம்.

மகாவலி நீருக்குச் சிறுபோகத்தின் பங்கும் இருக்கிறது என்பது சரி. வயலுக்குத் திறக்க வேண்டிய நாளில் திறந்துதான் ஆக வேண்டும். காசல்ரீ பக்கம் அந்தக் கட்டு இவ்வளவு இறுக்கமில்லை.

சோளகக் காற்று மன்னாரில் அடிக்கும்போது தமிழ்நாட்டு முப்பந்தலிலும்தான் அடிக்கும், நம் காற்று மின்சாரத்தை அவர்கள் ஏன் வாங்குவார்கள் என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. ஆனால் நாம் சேரப்போவது தமிழ்நாட்டோடு மட்டுமல்ல. 2013 டிசம்பர் 31 முதல் தென்னிந்தியாவும் ஒரே தேசிய வலையமைப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டின் புகளூருக்குச் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து வரும் 6,000 மெகாவாட் பாதையில், தெற்கில் காற்று மிஞ்சினால் வடக்கே திருப்பி அனுப்பவும் முடியும்.

கேபிளில் எனக்குப் பயமான இடம் ஒன்றுதான். முதல் கட்டத்துக்குப் பேசப்பட்டது 500 மெகாவாட். இரவு உச்சத்தில் நாட்டின் தேவை ஏறக்குறைய 2,700. விடுமுறை மதியத்தில் அது வெகுவாக இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்து 500ஐயும் ஒரே கம்பியில் வாங்கிக்கொண்டிருந்து அது அறுந்தால், குரங்கே தேவையில்லை. கடலடிக் கம்பிக்கு வைத்தியமும் லேசில்லை. 2024 நத்தார் அன்று சேதமான பின்லாந்து–எஸ்தோனியா கேபிள் திரும்ப வேலை செய்ய அடுத்த ஜூன் ஆகிவிட்டது. அதனால் கேபிளின் கரை முனையில் அந்த முதல் சில நிமிடங்களைத் தாங்கப் பற்றரியும் வேண்டும். அங்கே அதற்கு மாற்றில்லை.

2025 ஏப்ரல் 5இல் கொழும்பில் இதற்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2010இலும் ஒன்று ஆனது. பங்களாதேஷ் பேரமாராவில் 2013இல் இந்தியாவோடு 500 மெகாவாட்டுக்கு இணைந்து, 2018இல் அதை இரட்டிப்பாக்கிவிட்டது. அவர்களுக்கு இடையில் கடல் இல்லை என்று சாக்குச் சொல்லலாம்.

வீட்டுக்கு என்ன வாங்குவது என்று கேட்டால், பற்றரிதான். நாம் தனியாகக் கேபிள் இழுக்க முடியாதே. என்னுடையது பத்து வருடம் தாங்குமா என்பதைப் பத்து வருடம் கழித்துக் கேளுங்கள். இப்போதைக்கு, கார்த்திகைக்கு முன் ஐயாவிடம் அவருடைய பெற்றோல் ஜெனரேட்டரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.