நாகர்கோவில்ல நடந்த இஐஏ ட்ரெய்னிங் – போனது வீண் போகல

நாகர்கோவில்ல நாலு வாரம் சனி ஞாயிறு மட்டும் நடந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு (இஐஏ, ஒரு திட்டம் வந்தா சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்புன்னு முன்னாடியே பாக்குறது), கம்ப்ளையன்ஸ் (அனுமதி நிபந்தனைய கடைப்பிடிக்கிறது) கோர்ஸ் போயிட்டு வந்தேன். முதல் நாள் முழுக்க ஸ்லைடு வாசிப்புதான், 2006ல வந்த இஐஏ நோட்டிபிகேஷன், திட்டங்கள பிரிக்கிற ஏ, பி1, பி2 கேட்டகரின்னு தலை சுத்திப் போச்சு.

ரெண்டாவது வாரம் வந்த சார் வேற மாதிரி. ஒரு பழைய இஐஏ ரிப்போர்ட்ட கையில குடுத்து குறை கண்டுபிடிங்கன்னு சொன்னாவ. பேஸ்லைன் டேட்டா (திட்டம் வர்றதுக்கு முன்ன அந்த இடம் எப்டி இருக்குங்கற கணக்கு) மழை சீசன் இல்லாத ஒரு சீசன்ல எடுக்கணும், அதுல தேதியப் பாத்தா மழை மாசம், அத நானே பென்சில்ல வட்டம் போட்டப்ப அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. பப்ளிக் ஹியரிங்குக்கு (மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்) கொறஞ்சது 30 நாள் முன்ன நோட்டீஸ், அதுவும் உள்ளூர் மொழி பேப்பர்லயும் வரணும், திட்டத்துக்கு கிளியரன்ஸ் (சுற்றுச்சூழல் அனுமதி) வாங்குனா ஜூன் 1, டிசம்பர் 1 வருஷத்துக்கு ரெண்டு தடவ கம்ப்ளையன்ஸ் ரிப்போர்ட் குடுக்கணும், இதெல்லாம் இனி மறக்காது.

கடைசி ஞாயிறு தேரூர் குளத்துக்கு கூட்டிட்டுப் போனாவ. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022ல ராம்சார் லிஸ்ட்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) வந்த இடம், கரையில நின்னு பறவைய எண்ணி ஃபார்ம்ல எழுதச் சொன்னாவ, ரிப்போர்ட்ல ஒரு வரியா வர்றதுக்குப் பின்னாடி இவ்ளோ நேரம் இருக்கான்னு அப்பதான் புரிஞ்சுது.

குறைன்னா நோட்ஸ் பூரா இங்கிலீஷ். சிஆர்இசட்டுக்கு (கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள்) அரை நாள்தான், இவ்ளோ நீளக் கடற்கரை இருக்க நம்ம மாவட்டத்துக்கு அது பத்தவே பத்தாது. கன்சல்டன்சி வேலைக்குப் போற பிள்ளைங்க தாராளமா சேரலாம்.