கொதித்து நின்ற பத்மினி: கேஸ்கெட்டா, ஃபேசிங்கா, ரீபோரா?

பழைய பிரீமியர் பத்மினி கார் ஒருமுறை நன்றாகக் கொதித்து நின்றுவிட்டால், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும், கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் தகட்டை மாற்றினால் போதும் என்பார் ஒருவர். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, அடிப்பரப்பைச் சமமாகச் சீவும் ஃபேசிங் செய் என்பார் இன்னொருவர். இன்ஜினையே இறக்கி, சிலிண்டர் துளைகளைக் குடைந்து ரீபோர் செய் என்பார் மூன்றாமவர். வேறு இன்ஜின் வாங்கி மாட்டிவிடலாம் என்பவரும் உண்டு. நாலுக்கும் செலவு எங்கேயோ எங்கேயோ நிற்கும். எது தேவை என்று முடிவு செய்யும் முன் சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் கம்ப்ரெஷன் கேஜ் ஒன்றைக் கையில் எடுக்கச் சொல்வேன்.

அதற்கும் முன்னால் ஒன்று. சூட்டில் நின்ற வண்டி, ஆறியதும் சாதாரணமாக ஸ்டார்ட் ஆகிறது, தண்ணீரும் குறையவில்லை என்றால் ஹெட்டில் கை வைக்காதீர்கள். பெட்ரோல் பம்பில் ஆவி அடைத்திருக்கலாம், அல்லது இக்னிஷன் காயில் சூடானதும் ஸ்பார்க் தராமல் போயிருக்கலாம். நின்ற இடத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

தண்ணீர் குறைகிறது, இன்ஜின் தட்டுத் தடுமாறி ஓடுகிறது என்றால் கேஜை மாட்டுங்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து செல்ஃப் அடிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும், 2-ம் 3-ம் என்று வையுங்கள், அழுத்தத்தில் சேர்ந்து விழுந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஒன்று மட்டும் குறைவு என்றால், அந்தப் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டர் துளை) பக்கம் கோளாறு. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். ஆயில் மூடியின் அடியில் பால் மாதிரிப் படிந்திருப்பதை மட்டும் வைத்து, ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று தீர்ப்பு சொல்ல வேண்டாம். கொஞ்ச தூரமே ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்தும் அப்படி வரும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கிலும் வெளுத்திருந்தால்தான் பயம்.

கேஸ்கெட்தான் என்று தெரிந்தபின் வரும் கேள்வி, அதை மட்டும் மாற்றுவதா, ஹெட்டை ஃபேஸ் செய்தும் மாட்டுவதா என்பது. அம்பாசடரின் 1489 சிசி பிஎம்சி இன்ஜினில் ஹெட்டும் பிளாக்கும் வார்ப்பிரும்பு. அங்கே ஹெட் வளைவது குறைவு; வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். பத்மினியின் 1089 சிசி இன்ஜினில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட் பிடித்திருக்கும் ஹெட் விரிய இடமில்லாமல் வளைந்துவிடுகிறது. வளைந்த ஹெட்டுக்குக் கீழே புது கேஸ்கெட் வைத்தால் சில மாதம் ஓடும், அப்புறம் அதே இடத்தில் எரியும்.

வளைந்ததா என்பதைப் பட்டறையிலேயே பார்த்துவிடலாம். ஹெட்டின் அடிப்பரப்பைப் பழைய கேஸ்கெட் துணுக்கு இல்லாமல் சுத்தம் செய்து, நேரான இரும்பு ஸ்கேலை நீளவாக்கிலும் குறுக்குக் கோணத்திலும் நிறுத்தி, அடியில் மெல்லிய இதழ்களால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைச் செருகிப் பாருங்கள். 0.05 மி.மீ. இதழ் எங்கும் நுழையவில்லை என்றால் கேஸ்கெட் மட்டும் போதும். 0.10 தாராளமாக நுழைந்தால் லேத்துதான். இடைப்பட்டது என்றால் நான் லேத்துக்கே அனுப்புவேன். ஹெட் ஏற்கெனவே வெளியே இருக்கிறது, மறுபடி கழற்றும் கூலி மிச்சம்.

ஃபேசிங்கிலும் ஆபத்து உண்டு. இந்த வயதில் பல ஹெட்டுகள் முன்பே சீவப்பட்டவை. மேலும் சீவச் சீவ எரியறை சுருங்கி கம்ப்ரெஷன் ஏறும், வண்டி நாக்கிங் அடிக்கும் (இன்ஜின் தட்டும்). "சமமாக வரும்வரை மட்டும் எடுங்கள்" என்று லேத்காரரிடம் சொல்லிவிடுங்கள். சீவும் முன் விரிசலுக்கு பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். போர்வெல் தண்ணீரிலேயே ஓடிய வண்டியில் தண்ணீர் ஓட்டைகளின் ஓரம் அரித்துப் போயிருக்கும். அதற்கு முதலில் வெல்டிங், பிறகுதான் ஃபேசிங்.

ரீபோர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆயில் விட்டதும் அளவு ஏறியிருந்தால், அல்லது ஹெட்டைக் கழற்றியபின் சிலிண்டர் சுவரில் விரலால் தடவும்போது கோடு தட்டுப்பட்டால், அது நியாயமான செலவு. அந்த அறிகுறி எதுவும் இல்லாமல் "கொதித்த வண்டி, எதற்கும் முழுசாகச் செய்துவிடுவோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மாற்று இன்ஜினை நான் கடைசியில்தான் வைப்பேன். பிளாக்கே வெடித்திருந்தால் வேறு வழியில்லை, சரி. ஆனால் பழைய சந்தையில் கிடைக்கும் இன்ஜினும் எப்போதோ கொதித்ததுதானா என்பது வெளியே தெரியாது. ஆர்சியில் உள்ள இன்ஜின் எண்ணும் மாறுவதால் ஆர்டிஓ அனுமதி வேண்டும்.

எந்த வழியில் போனாலும் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யக் கொடுங்கள், தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்பையும் சோதியுங்கள். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்கச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், இன்ஜின் முழுக்க ஆறிய காலை நேரத்தில், இன்னொரு முறை டார்க் பார்த்து, வால்வுகளின் டேப்பெட் இடைவெளியையும் சரிசெய்துவிட வேண்டும்.